கழுத்து லைன் எடுக்கப் போகிறீர்களா? மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு இரண்டு தடவை கழுத்திலிருந்து டயலிசிஸ் லைன் எடுத்திருக்கிறோம். சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய நாளத்துக்குள் போடுகிற குழாய்தான் லைன். முதல் தடவை, எடுத்து முடிந்த பத்தாவது நிமிஷம் அம்மாவை எழுப்பி, சால்வையைச் சுற்றிவிட்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். கினிகத்தேனை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு அம்மா வாந்தி எடுத்தார். எனக்கு அது வழக்கமான பஸ் வாந்தியாகத்தான் பட்டது. பின் சீட்டிலிருந்த ஒரு அக்கா, "தங்கச்சி, அம்மா ஜாக்கெட்டுல என்னாது?" என்று கேட்ட பிறகுதான் சால்வையை விலக்கிப் பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தது. கறுப்புச் சால்வை என்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கையால் அழுத்திப் பிடித்தபடி இறங்கி, கிடைத்த ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு தையல், ஒரு இரவு வாட்டில். தப்பித்தோம். ஆனால் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அன்று எங்களை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அது இரண்டாவது தடவை ஒரு மூத்த மிஸ் (நர்ஸ்) உட்கார வைத்துச் சொல்லித் தந்த பிறகுதான் புரிந்தது. நான் டொக்டர் இல்லை. அங்கே உங்கள் டொக்டர் சொல்வதுதான் முடிவு. அந்த அறைக்குள் போவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

1. முதலில் எந்த லைன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் நாம் "லைன்" என்கிறோம். ஆனால் எடுக்கும் விதம் ஒன்றல்ல.

வாஸ்கேத் என்கிற தற்காலிக லைன் கழுத்துத் தோலில் நுழைந்த இடத்திலேயே நேராக நாளத்துக்குள் போகும். வெளியே தையல் போட்டிருப்பார்கள். தையலை வெட்டினால் இழுத்து எடுக்கலாம். பழகிய மிஸ்ஸோ டொக்டரோ கட்டிலிலேயே எடுப்பார்கள். தொடையில் போடுவதும் இதே வகைதான்.

பேர்ம்கேத் என்பது நெஞ்சில் வெளியே வந்து, தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓடி, கழுத்தில்தான் நாளத்துக்குள் இறங்கும். தோலுக்கு அடியில் அதைச் சுற்றி ஒரு பஞ்சு வளையம் உண்டு. சில வாரங்களில் சதை அந்த வளையத்தோடு ஒட்டிவிடும். அதனால் இதை வெறுமனே இழுக்கக் கூடாது. மரக்கும் ஊசி போட்டு, வளையத்தைச் சதையிலிருந்து பிரித்துத்தான் டொக்டர் எடுப்பார். சின்ன தியேட்டர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி நாள் தருவார்கள், கையெழுத்தும் வாங்குவார்கள்.

போட்ட அன்று தந்த டயக்னோசிஸ் கார்டில் எந்த லைன், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று இருக்கும். அது இல்லாவிட்டால் டயலிசிஸ் யூனிட்டில் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வேறு ஆஸ்பத்திரியில் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு வரி இல்லாமல் அரை நாள் வீணாகும்.

2. காற்றுதான் எதிரி

இதை நம் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் கொண்டுவருகிறோம். பைப்பில் எங்கேயாவது ஓட்டை விழுந்தால் சில இடத்தில் தண்ணீர் வெளியே பீச்சும். சில இடத்தில் பைப் காற்றை உள்ளே உறிஞ்சும். அப்புறம் காற்று அடைத்துக்கொண்டு பீலியில் ஒரு சொட்டு வராது.

கழுத்து நாளமும் அப்படித்தான். படுத்திருக்கும்போது அதில் ரத்தம் நிறைந்து அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தால் ரத்தம் வெளியே வரும். உட்கார்ந்தாலோ நின்றாலோ, அதிலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது, உள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அப்போது அந்த ஓட்டை காற்றை உறிஞ்சும். டயலிசிஸ் லைன் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் தடிப்பு. மாதக்கணக்கில் உள்ளே இருந்திருந்தால் அது போன பாதை ஒரு குழாய் மாதிரியே ஆகியிருக்கும். லைன் வெளியே வந்ததும் உடனே மூடிக்கொள்ளாது. உள்ளே போகும் காற்று இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அது உயிரையே எடுக்கலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் சில நிமிஷத்தில் நடந்துவிடும்.

மெலிந்தவர்கள், உடம்பில் நீர் வற்றியவர்கள், இருமிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபத்து கூட. ஒவ்வொரு இருமலுக்கும் முன்னால் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறோம் அல்லவா? நுவரெலியாக் குளிரில் இருமல் இல்லாத வீடு ஏது? இருமல் இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

3. எந்த நாளில் எடுப்பது

கையில் போட்ட ஃபிஸ்டியூலா (டயலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் ரத்தக் குழாய்களை ஒப்பரேஷனில் இணைத்தது) வேலை செய்கிறது என்று உறுதியாகாமல் லைனை எடுக்க அவசரப்படாதீர்கள். ஃபிஸ்டியூலா முற்ற ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இரண்டு ஊசியும் கையிலேயே குத்திச் சில தடவை டயலிசிஸ் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும். லைன் அரிக்கிறது, குளிக்க முடியவில்லை என்று அம்மாவும் சீக்கிரம் எடுக்கச் சொல்லி நச்சரித்தார்தான். எடுத்த பிறகு ஃபிஸ்டியூலா கைவிட்டால் மறுபடி கழுத்தில் குத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் நாளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். காய்ச்சல், சீழ் என்று கிருமி தொற்றியிருந்தால் கதை வேறு. அப்போது டொக்டர் சொன்ன நாளிலேயே எடுத்தாக வேண்டும்.

டயலிசிஸ் முடிந்த கையோடு எடுக்கலாமா என்று கேட்பார்கள், நாமும் இன்னொரு பயணம் மிச்சம் என்று தலையாட்டிவிடுவோம். டயலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் ஏற்றுகிறார்கள். அதன் வேகம் அடங்கச் சில மணி நேரம் போகும். நீரையும் இழுத்திருப்பார்கள், நாளம் தளர்ந்திருக்கும். ரத்தம் ஒழுகவும் காற்று போகவும் இரண்டுக்கும் வசதி. டயலிசிஸ் இல்லாத நாளின் காலை நேரத்தைக் கேளுங்கள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் அதை முதலே சொல்லுங்கள். அவர்களுக்கு எந்த நாள் என்று டொக்டர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

போயாவுக்கு முதல் நாளும் வெள்ளிக்கிழமையும் வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. ஏதாவது ஆனால் லைனைத் தெரிந்தவர்கள் மறுநாள் வேலையில் இருக்க வேண்டும்.

4. பைலில் என்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, லைன் போட்ட அன்றைய டயக்னோசிஸ் கார்ட், கடைசி டயலிசிஸ் தாள். இவற்றைத் தோட்டத்து ஆட்கள் யாரும் மறப்பதில்லை. மறப்பது மாத்திரையை. பெயர் எழுதிய தாள் போதாது, மாத்திரை உறைகளையே அள்ளிக்கொண்டு போங்கள். ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் வார்பரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் மூன்றில் எது இருந்தாலும் ஒரு வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொன்னதை மறந்து போடவும் செய்யாதீர்கள்.

ரத்தச் சோதனையில் பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஐ.என்.ஆரும் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) பார்ப்பார்கள். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே, ஐ.என்.ஆர். 1.5-க்கு மேலே என்றால் பொதுவாக யோசிப்பார்கள். தள்ளிப்போடலாம், மருந்து தந்து சரிசெய்யலாம். ஆஸ்பத்திரி லேபில் செய்தால் காசில்லை, ஆனால் ரிப்போட் வர நாளாகலாம். ரிப்போட் இல்லாமல் போய் "நாளைக்கு வாங்க" என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஒரு பயணத்தின் பஸ் காசைக் கணக்குப் பார்த்தால் சில வேளை டவுன் லேபில் செய்வதே மலிவு. எத்தனை நாளுக்குள் எடுத்த ரிப்போட் செல்லும் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிளாஸ்டர் போட்டால் தோல் கொப்பளிக்குமா, மரக்கும் ஊசி ஒத்துக்கொள்ளாதா என்பதையும் கொப்பியில் பெரிதாக எழுதி வையுங்கள்.

5. செலவும் பயணமும்

அரச ஆஸ்பத்திரியில் லைன் எடுக்கக் காசில்லை. காசெல்லாம் ரோட்டில்தான். எங்கள் டிவிஷனிலிருந்து ஹட்டனுக்கு ஆட்டோ போக மட்டும் 1,500 ரூபாய். அங்கிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வேன் கேட்டால் 16,000 சொன்னார்கள். இரண்டாவது தடவை வேனும் பிடிக்கவில்லை, அன்றே திரும்பவும் இல்லை. கண்டியில் சித்தி வீட்டில் ஒரு இரவு தங்கி மறுநாள் பஸ்ஸில் வந்தோம். மீன் டின்னும் ஒரு கிலோ சீனியும்தான் செலவு. சொந்தம் இல்லாதவர்கள், தூரத்திலிருந்து வருகிறோம், ஒரு இரவு வாட்டில் வைத்திருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் கிடைக்கலாம்.

சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் கிராம சேவகரிடம் ஆரம்பியுங்கள். விண்ணப்பம் பிரதேச செயலகம் ஊடாகத்தான் போகும்.

அன்றே திரும்பத்தான் வேண்டும் என்றால் கடைசி பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். எங்களைக் கெடுத்தது அந்த அவசரம்தான். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர் என்றால் அதற்கான மாத்திரையை டொக்டரிடமே கேட்டு வாங்குங்கள். வாந்தி எடுக்கும்போது கழுத்து நாளம் புடைக்கும். ஆறாத ஓட்டை திறக்க அது போதும். சால்வை, கம்பளித் தொப்பி எல்லாம் போடலாம், ஆனால் கட்டுப் போட்ட இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

6. நாலு வார்த்தை சிங்களம்

இது எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இருக்காது. முதல் தடவை மிஸ் அம்மாவிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குப் புரியவில்லை. என்னமோ கேட்கிறார்கள் என்று "ஆ?" என்று வாயைத் திறந்து மூச்சை இழுத்திருக்கிறார். நான் திரைக்கு வெளியே நின்றேன்.

முதல் நாள் இரவே இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். "ஹுஸ்ம அல்லகென இன்ன" என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருங்கள். "ஹெல்லென்ன எபா" என்றால் அசைய வேண்டாம். நோயாளி சொல்ல வேண்டியது இரண்டு: "ஹுஸ்ம கன்ன அமாருய்", மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது, "லே எனவா", ரத்தம் வருகிறது. தமிழ் தெரிந்த மிஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொழி சொல்ல என்னை உள்ளே விடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். கையெழுத்துத் தாள் சிங்களத்தில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூச்சுப் பயிற்சியையும் வீட்டிலேயே செய்துபாருங்கள். ஆழமாக இழுத்து, வாயை மூடி, அடிவயிற்றால் முக்க வேண்டும். பத்து எண்ணும் வரை. "உன்னைப் பெறும்போதுதான்டி இப்படி முக்கச் சொன்னாங்க" என்றார் அம்மா. அதேதான். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கண் ஒப்பரேஷன் செய்தவர்களும் முக்குவதற்கு முன் டொக்டரிடம் சொல்ல வேண்டும். முக்க முடியாதவர்கள் மூச்சை வெளியே விடும்போது எடுப்பார்கள், அல்லது "ம்ம்ம்" என்று முனகச் சொல்வார்கள். லைன் வெளியே வரும் நொடியில் மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது என்பதுதான் இதில் விஷயம்.

7. எடுக்கும் நேரம்

படுக்க வைத்து, தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்தபடியோ, சாய்ந்த கட்டிலிலோ எடுக்க வந்தால் "மிஸ், படுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை அந்த மூத்த மிஸ் கட்டிலின் கால்மாட்டை உயர்த்திவிட்டுத்தான் கையுறையையே எடுத்தார்.

மருந்து போட்டுத் துடைப்பார்கள், தையல் வெட்டுவார்கள், மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஒரே சீராக இழுப்பார்கள். வராமல் சிக்கினால் பலமாக இழுக்கக் கூடாது, அப்படியே நிறுத்தி டொக்டரைக் கூப்பிட வேண்டும். வெளியே வந்ததும் காஸ் (காயத்துக்கு வைக்கும் மெல்லிய துணி) வைத்து அழுத்துவார்கள். குறைந்தது ஐந்து நிமிஷம், நிற்காவிட்டால் நிற்கும்வரை. நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. பேர்ம்கேத் என்றால் நெஞ்சு ஓட்டையை மட்டும் அழுத்தினால் போதாது. நாளத்தில் ஓட்டை இருப்பது கழுத்தில், அங்கேயும் அழுத்த வேண்டும்.

அப்புறம் கட்டு. சாதாரண காஸும் இரண்டு பிளாஸ்டரும் போதாது. காற்று அதன் வழியாகப் போகும். வாசலின் மாதிரிப் பிசுக்குள்ள காஸ் வைத்து, மேலே காற்றுப் புகாத ஒட்டு. எங்கள் முதல் தடவையில் வெறும் காஸ்தான் இருந்தது. அப்போது எனக்கு வித்தியாசம் தெரியாது.

எடுத்த லைனைக் குப்பையில் போடும் முன் முனை முழுசாக இருக்கிறதா, நீளம் சரியா என்று பார்ப்பார்கள். அதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, நேரம், "முழுசாக எடுக்கப்பட்டது", கட்டை எப்போது பிரிப்பது, தையல் இருந்தால் எப்போது வெட்டுவது. காய்ச்சல் இருந்தால் கிருமி பார்க்க ரத்தம் எடுப்பார்கள். காய்ச்சல் இல்லாதவருக்கு அது வழக்கமாகத் தேவைப்படாது.

8. அசையாத அரை மணி நேரம்

எடுத்த பிறகு 30 நிமிஷமாவது மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். தொடை லைன் என்றால் காலை மடக்காமல் இன்னும் கூடுதல் நேரம். சிறுநீர் வருகிறது என்றாலும் படுத்தபடியே பாத்திரம் கேளுங்கள், எழுந்து போக வேண்டாம். போனில் அலாரம் வையுங்கள். ஆட்டோக்காரர் ஹோன் அடித்தாலும், பக்கத்துக் கட்டில் ஆள் "எனக்கு அஞ்சு நிமிஷத்துல எழும்பச் சொன்னாங்க" என்றாலும், அலாரம் அடிக்கும்வரை படுத்திருங்கள்.

இந்த நேரத்தில் திடீரென மூச்சு முட்டல், நெஞ்சு வலி, விடாத இருமல், குழப்பமான பேச்சு, மயக்கம் வந்தால் அது காற்றாக இருக்கலாம். முதலில் ஓட்டையை உள்ளங்கையால் மூடுங்கள். சத்தம் போட்டு மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். இடது பக்கம் சரித்து, தலையைத் தாழ்த்தி, ஒக்சிசன் தருவார்கள். மூச்சு முட்டுகிறதே என்று தூக்கி உட்கார வைத்துவிடாதீர்கள். நம் கை தானாக அதைத்தான் செய்யப் போகும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

கட்டு 24 மணி நேரமாவது பிரியக் கூடாது, அதற்கு மேல் சொன்னால் அதுவரை. நனையக் கூடாது, பீலியில் தலைக்குக் குளிப்பது அப்புறம். ரத்தம் கசிந்தால் படுக்க வைத்து, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். மஞ்சள், கோப்பித்தூள், தேயிலைத்தூள் எதையும் வைக்காதீர்கள். எங்கள் லயத்தில் கோப்பித்தூளோடு வந்த ஆயாவை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. நிற்காவிட்டால் 1990-க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி வராத பாதை என்றால் எந்தச் சந்திக்கு வர வேண்டும் என்பதை முதலே யோசித்து வையுங்கள்.

நடுக்கத்தோடு காய்ச்சல், ஓட்டையில் சீழ், சிவப்பு வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனால் "கழுத்துல லைன் எடுத்து இத்தனை நாள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பனடோலோடு அனுப்பிவிடலாம். அந்தப் பக்கக் கை, கழுத்து, முகம் வீங்கினால் நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதையும் காட்ட வேண்டும். ஃபிஸ்டியூலா கையில் பிரஷரும் பார்க்க விடாதீர்கள், ரத்தமும் எடுக்க விடாதீர்கள்.

லைன் இன்னும் இருக்கிறவர்களுக்கு ஒன்று: தூக்கத்தில் இழுபட்டு லைன் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். உடனே படுக்க வைத்து, ஓட்டையை அழுத்தி மூடி, படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

10. வேலைக்குத் திரும்ப

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் மெடிக்கல் சேர்ட்டிபிகேட் வாங்கிவிடுங்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அதற்காக மட்டும் திரும்பப் போவது இன்னொரு நாள் கூலி. அதில் ஓய்வு நாள் மட்டும் இருந்தால் தோட்ட ஆபிஸில் மறுநாளே கூடையைக் கொடுப்பார்கள். "பாரம் தூக்கக் கூடாது" என்றும், எத்தனை நாள் என்றும் எழுதிக் கேளுங்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டி, பாரம் முழுவதும் கழுத்தில் இறங்குகிறது என்று டொக்டருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தான் எழுதியிருந்த நாளை வெட்டிக் கூட்டி எழுதினார்.